ஆள் பார்த்து விற்கும் மனையும் அவசரத்தில் கொடுக்கும் அட்வான்ஸும்

செஞ்சியில் மனை பார்க்கப் போகும் நம் வீட்டுப் பிள்ளையிடம் தரகர் முதலில் கேட்பது கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. "சார், எந்த ஊரு?" என்பார். சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்ததும் காலியாக இருந்த மனையெல்லாம் விற்றுப்போய்விடும். பேனர் மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இப்படி நான்கு இடங்களில் திரும்பி வந்தவர். ஐந்தாவது இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் அன்றே அட்வான்ஸ் கொடுத்தார். ஒப்பந்தம் எழுதவில்லை, தாய்ப்பத்திரமும் பார்க்கவில்லை. பிறகுதான் அது அனுமதியில்லாத மனை என்று தெரிந்தது. அட்வான்ஸ் இன்னும் திரும்பவில்லை. "படிச்சவர்தானே, ஏன் கேக்கல?" என்றேன். "கேட்டா இவரும் இல்லைன்னுடுவாரோன்னு பயந்துட்டேன்" என்றார்.

வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. இந்த பயம் எந்தப் பட்டியலிலும் இல்லை. நம்மவர்கள் ஏமாறுவது அறியாமையால் மட்டும் அல்ல. கதவு திறந்ததே பெரிது என்ற எண்ணத்தால் ஏமாறுகிறார்கள். மற்றவர்கள் விசாரித்துவிட்டு ஒதுக்கிய மனைதான் பல நேரங்களில் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து தரகர்களுக்குப் புதுப் பேச்சு கிடைத்திருக்கிறது. "கோட்டை பக்கத்துல சார், நாளைக்கு விலை ஏறிடும்." பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். மனையை வாங்கிவிட்டு வீடு கட்ட முடியாமல் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதும் போதாது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தின் கதை வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் வந்த ஆணையின்படி நம் முன்னோருக்குக் கொடுத்தது பஞ்சமி நிலம். 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். இந்த நிலங்களில் பல எப்படியோ கைமாறி, யு.டி.ஆர். பதிவில் வேறு பெயர்களுக்குப் போய்விட்டன. அதனால் இன்றைய கணினிப் பட்டா சுத்தமாகத்தான் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் யு.டி.ஆருக்கு முந்தைய 'ஏ' பதிவேட்டைக் கேட்க வேண்டும். தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். பாட்டன் இழந்த நிலத்தில் பேரன் கடன் வாங்கி மனை வாங்குவதைவிடக் கொடுமை எதுவும் இல்லை.

காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அரசு கொடுத்த வீட்டுமனைப் பட்டாவை வட்டிக்காரரிடம் வைத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது அந்த இருவரின் நினைவுதான் வருகிறது.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப் பிரிவுகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. "அப்ரூவல் வந்துடும்" என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். டி.டி.சி.பி. எண்ணைக் கேளுங்கள். பெரிய மனைப் பிரிவு என்றால் ரெரா எண்ணையும் கேளுங்கள். சொத்து 10 லட்சத்துக்குள் இருந்தால் வீட்டுப் பெண் பெயரில் பதியுங்கள். 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அந்தக் காசில் பழைய பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டலாம்.

ஆனால் எல்லா எச்சரிக்கையையும் வாங்குபவர் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம்? ஆள் பார்த்து மனையை மறுப்பது குற்றம். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வாங்கவோ கட்டவோ தீண்டாமையைக் காரணம் காட்டித் தடுப்பவருக்கு 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை என்கிறது. இந்தப் பிரிவு நம் தரகர்களுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியுமா? காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நிரூபிப்பதும் சிரமம். மறுத்த மறுநாள் அதே மனையை வேறொரு நண்பர் போய்க் கேட்கட்டும். இரண்டு பேச்சையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்லது. பெயரை எடுத்தவர்கள், செஞ்சி வட்டத்தில் உள்ள பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களை ஊர் வாரியாகச் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். பத்திரம் பதிய வருபவரும், பதிகிற அதிகாரியும் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.