16 மணி நேரம் யார் கணக்கு?

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம்? பையன் டிக்கெட் போடப் போறான்."

தூரம் எனக்கு மனப்பாடம். நேராகப் பறந்தால் சுமார் 13,900 கிலோமீட்டர். துபாய் வழி என்றால் முதலில் 2,900, பிறகு 13,000. இரண்டாயிரம் கிலோமீட்டர் சுற்று. துபாயிலிருந்து ஐரோப்பா பக்கமாக மேற்கே போகும் என்று நினைத்திருந்தேன். முன் சீட்டுத் திரையில் பார்த்தால் வடக்கே ஏறி வட துருவத்தை ஒட்டிப் போகிறது! உருண்டை பூமியில் அதுதான் குறுக்கு வழி. பேரனின் உலக உருண்டையில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

தூரம் இருக்கட்டும். டிக்கெட்டில் பறக்கும் நேரம் 4 மணி, பிறகு 16 மணி. அது விமானத்தின் கணக்கு. என் கணக்கில் கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குக் காரில் 7 மணி. 3 மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார வேண்டும். நடுவில் விமானம் மாற 4. இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எல்லாம் சேர்த்து 2. மகன் வீட்டுக்கு 1. மொத்தம் 37.

முதல் தடவை அந்த 4 மணி நேரத்தை மிச்சம் பிடித்தோம். 1 மணி 20 நிமிடத்தில் அடுத்த விமானம். மகன் "வீல்சேர் கேளுங்கப்பா" என்றான். "நடக்கத் தெரியாதா எங்களுக்கு?" என்றேன். மூட்டுவலிக்காரியை இழுத்துக்கொண்டு ஓடினேன். அடுத்த 16 மணி நேரமும் அவள் நடு சீட்டில். ஓரத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சம். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலி. ஸ்கேனில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் நான் ரொம்ப நாள் சொல்லவில்லை. மூன்று மாதம் மாத்திரை. இன்சூரன்ஸ் எடுத்திருந்ததால் கையிருப்பு தப்பித்தது.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவில் நிற்காத விமானம் விட்டபோது என் வயதுக்காரர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே மூச்சில் போவது இளைஞர்களுக்கு. எழுபதைத் தாண்டியவர்கள் நடுவில் இறங்கி, முடிந்தால் ஓர் இரவு காலை நீட்டிப் படுத்துவிட்டுப் போவதுதான் சரி. கூடவே வீல்சேர், ஓர சீட்டு, மணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு. பிள்ளைகள் விலையைப் பார்த்து டிக்கெட் போடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் முழங்கால் நிலவரத்தை நாம்தானே சொல்ல வேண்டும்?

நண்பர் யோசித்தார். "நடுவுல தங்கினா விசா, ஓட்டல்னு செலவாகுமே சார். பையன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"கேளுங்க" என்றேன்.

நேற்றுவரை கேட்கவில்லையாம்.