கருவேப்பிலங்குறிச்சிக்கும் ஒரு வீட்டுக் கணக்கு வேண்டும்

சென்னையில் வீட்டு விலை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதை இந்திய ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் சொல்லிவிடுகிறது. தேசிய வீட்டுவசதி வங்கியின் குறியீடு 50 நகரங்களைப் பின்தொடர்கிறது. அதில் கோவைக்கும் இடம் உண்டு. அதற்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு எந்தக் குறியீடும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றை ஒட்டி, ஜெயங்கொண்டம் சாலையும் பெண்ணாடம் சாலையும் பிரியும் கருவேப்பிலங்குறிச்சி அப்படிப்பட்ட ஓர் ஊர். அங்கே சென்ட் என்ன விலை போகிறது, மாத வாடகை எவ்வளவு, எத்தனை குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை என்று கேட்டால் டீக்கடையில் பதில் கிடைக்கும், அரசாங்கத்திடம் கிடைக்காது. தெரியாத ஒன்றுக்குத்தான் அரசு விலை நிர்ணயிக்கிறது, வரி வாங்குகிறது, திட்டமும் தீட்டுகிறது. ஊர் வாரியாக வீட்டுக் கணக்கு எடுத்து ஆண்டுதோறும் வெளியிடுவதுதான் இதற்குத் தீர்வு.

சிற்றூரில் வீட்டுச் சந்தை என்று என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், விருத்தாசலத்திலிருந்து எந்தத் திசையிலாவது பேருந்தில் போய்ப் பார்க்கலாம். நேற்றுவரை உளுந்தும் கரும்பும் விளைந்த நிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் போட்டிருப்பார்கள். நகரத்துக்குள் மனை வாங்க முடியாத பீங்கான் பட்டறைத் தொழிலாளி, நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர், திருப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ பணம் அனுப்பும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் நிலம் இதுபோன்ற கூட்டுரோடு ஊர்களில்தான் மிச்சமிருக்கிறது. விலை குறைந்த இடம் என்பதாலேயே அங்கே நடக்கும் வாங்கல் விற்றலை யாரும் கவனிப்பதில்லை. இழப்பு என்று வந்தால் தாங்க முடியாதவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு மனைக்கு இன்று மூன்று விலை. முதலாவது, பதிவுத்துறை வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. இரண்டாவது, கிரையப் பத்திரத்தில் எழுதப்படும் விலை. பெரும்பாலும் இது முதல் விலைதான். மூன்றாவது, கை மாறும் விலை. கணக்குக்காக 1,200 சதுர அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 200 ரூபாய், ஊரில் நடக்கும் விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் 2.40 லட்சம், கொடுப்பது 7.20 லட்சம். முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து 9 சதவீதம். உண்மை விலையை எழுதினால் 64,800 ரூபாய் கட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்பை எழுதினால் 21,600 போதும். மிச்சம் 43,200 ரூபாய். வாங்குகிறவருக்கு இது லாபம் என்றுதான் பத்திரம் எழுதும் இடத்தில் சொல்வார்கள்.

லாபமா என்று பார்ப்போம். வங்கி கடன் கொடுப்பது பத்திரத்தில் உள்ள விலையைப் பார்த்துத்தான். பத்திரத்துக்கு வராத 4.80 லட்சத்துக்கு வங்கியின் கதவு திறக்காது. அந்தத் தொகையைக் கூலிக்காரர் வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி 9,600 ரூபாய். பதிவில் மிச்சம் பிடித்த 43,200 நான்கரை மாத வட்டியில் கரைந்துவிடும். அதற்குப் பிறகு கட்டுவதெல்லாம் குறைத்து எழுதியதற்கான தண்டம். பணக்காரர் குறைத்து எழுதினால் வரி மிச்சம். ஏழை குறைத்து எழுதினால் கந்துவட்டி. ஒரே பழக்கம் இருவரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

இந்தப் பொய்க் கணக்கின் கேடு வாங்கியவரோடும் முடிவதில்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, இழப்பீட்டைக் கணக்கிட வழிகாட்டி மதிப்பையும் சுற்றுப்புறத்தில் பதிவான கிரையங்களின் சராசரியையும் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் பள்ளத்தில் கிடக்கும்போது இழப்பீடு மட்டும் மேட்டில் நிற்குமா? சுரங்கமும் நெடுஞ்சாலையும் நிலம் கேட்டுக்கொண்டே இருக்கும் மாவட்டம் கடலூர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகமே பார்த்தது. நிலத்துக்கு என்ன விலை நியாயம் என்ற சண்டையில் விவசாயி தோற்பதற்கு, அவருடைய ஊரின் பத்திரங்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஒரு முக்கியக் காரணம்.

அரசும் இந்த விலையைத் தோராயமாகத்தான் கையாண்டிருக்கிறது. 2012-இல் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. 2017 ஜூன் 9-இல் மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் 33 சதவீதம் குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது. 2023 ஏப்ரலில் மதிப்பு மீண்டும் 2012-இன் நிலைக்கே போனது. கட்டணம் 2 சதவீதமானது. உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்புகள் வந்தன. அண்ணா நகருக்கும் ஆற்றங்கரைக் கிராமத்துக்கும் ஒரே சதவீதத்தில் ஏற்றி இறக்குவது, அளவெடுக்காமல் எல்லோருக்கும் ஒரே சட்டை தைப்பது போன்றது.

அங்கீகாரம் பெறாத மனைகளின் கதையும் இதுதான். 2016 செப்டம்பரில் அவற்றின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-ஐ எல்லைக் கோடாக வைத்து 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு மனை வாங்கியவர் தனியாக அலைந்து வரன்முறைப்படுத்த வேண்டியிருந்தது. பிளாட் போட்டு விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊராட்சியில் எத்தனை மனைகள் இன்னும் வரன்முறை ஆகாமல் கிடக்கின்றன என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால், அடுத்த ஏமாளி உருவாகியிருக்க மாட்டார்.

சந்தைக்குப் போகவே வழியில்லாதவர்களுக்கு அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றிலும் கணக்குதான் இடிக்கிறது. 2010-இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, 300 சதுர அடி பசுமை வீடு வந்தது. 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் வந்திருக்கிறது: வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்த மாவட்டத்துக்குக் கான்கிரீட் தளத்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சொந்த மனையும் பட்டாவும் இருந்தால்தான் வீடு. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரும், அண்ணன் தம்பி மூவர் ஒரே நத்தம் மனையில் பங்கு பிரிக்காமல் இருக்கும் குடும்பமும், வாடகைக்கு இருப்பவரும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டமோ 2011-இன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடித்தளமாகக் கொண்டு தொடங்கியது. அன்று பள்ளிக்குப் போன பிள்ளை இன்று குடும்பஸ்தன். பழைய பட்டியலில் அவன் அப்பா வீட்டில் ஓர் உறுப்பினர்.

அரசு முன்பு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் இன்னொரு சங்கடம். பழைய தொகுப்பு வீடு எதற்குள்ளும் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். மழைக் காலத்தில் அதற்கு மேலே தார்ப்பாய் விரித்து, உள்ளே பாத்திரம் வைத்திருப்பார்கள். கணக்கெடுப்பில் அது ‘கான்கிரீட் கூரை’. பக்கத்தில் ஒழுகாத கீற்றுக் கொட்டகையில் இருப்பவர் குடிசைவாசி. 2000-01-க்கு முன் கட்டிய சிதிலமான வீடுகளில் 25,000-ஐ 600 கோடி ரூபாயில் இடித்துக் கட்டும் திட்டத்தை 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. அந்த 25,000 எந்தெந்த ஊரில், எந்த வரிசையில் என்பதை ஊர் அறியச் சொன்னால்தான் அது சலுகையாகச் சுருங்காமல் உரிமையாக நிற்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்துவிட்டதே, எல்லாம் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கிறது. வீடுகளைப் பட்டியலிடும் கட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கப்பட்டது. அது அவசியமான பணி. தரை என்ன, சுவர் என்ன, கூரை என்ன, கழிப்பறை உண்டா, சொந்த வீடா வாடகையா என்று கேட்கிறார்கள். வாடகை எவ்வளவு என்றோ, மனைக்குப் பட்டா உண்டா என்றோ, என்ன விலைக்கு வாங்கினீர்கள், எவ்வளவு கடன் என்றோ கேட்பதில்லை. 2011-இல் நாடு முழுவதும் சுமார் 2.47 கோடி வீடுகள் காலியாக இருந்தன என்று அந்தக் கணக்கு சொன்னது. அவை ஏன் காலி, யாருடையவை என்பது அதில் இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படம் சந்தையின் போக்கைக் காட்டாது.

புதிதாகப் பெரிய படையைத் திரட்டத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் குறியீடே பதிவு அலுவலகங்களின் தரவிலிருந்துதான் பிறக்கிறது. கிரையங்கள் பதிவுத்துறையின் கணினியில், பட்டா வருவாய்த்துறையின் கணினியில், வீட்டு வரி ஊராட்சியின் பதிவேட்டில் இருக்கின்றன. இவற்றை ஊர் வாரியாகக் கோத்து, பெயரை நீக்கி வெளியிட்டால் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலை, முகவரியோடு பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. நாம் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். சர்வே எண் தொகுதி வாரியான சராசரி போதும்.

உண்மை விலையை எழுதச் சொன்னால் ஏழைக்குத்தானே செலவு கூடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு விடை கட்டணத்தைக் குறைப்பது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி தரப்படுகிறது. வழி சரியானது, தூரம் போதாது. நாம் மேலே பார்த்த மனையில் உண்மை விலையை எழுதும் பெண்ணுக்கு இந்தத் தள்ளுபடி 7,200 ரூபாய்தான். குறைத்து எழுதினால் கிடைப்பதோ 43,200. முதல் வீட்டு மனைக்கு, 10 லட்சம் வரை, மொத்தக் கட்டணமே 3 சதவீதம் என்று வைத்தால் உண்மை விலைக்கும் 21,600 ரூபாய்தான் ஆகும். பொய் எழுத யாருக்கும் காரணம் இருக்காது. வங்கிக் கடனும் முழுமையாகக் கிடைக்கும்.

ஜிஎஸ்டி விதிகள் 45 லட்சம் வரையிலான வீட்டைக் கட்டுப்படியாகும் வீடு என்கின்றன. கனவு இல்லத்தின் விலை 3.50 லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்துக்கு இன்று போதுமான திட்டமும் இல்லை, தகவலும் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஊராட்சியும் நான்கு விவரங்களை ஆண்டுக்கொருமுறை கிராம சபையில் வைக்க வேண்டும்: சராசரிக் கிரைய விலை, வரன்முறை ஆகாத மனைகள், பட்டா இல்லாத குடியிருப்புகள், வீட்டுத் திட்டக் காத்திருப்போர் பட்டியல் வரிசை எண்ணோடு. கடலூர் உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பட்டியலைக் கேள்வி கேட்க ஊருக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாதபோது, எழுதி வைத்த கணக்கு இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. தலைவர் இருக்கும்போதும் அது தேவைதான்.

பதிவுத்துறை முதலில் கடலூர் மாவட்டத்தில், அதிலும் விருத்தாசலம் வட்டத்தில், இதைத் தொடங்கலாம். சட்டம் திருத்தாமலே ஒரு சுற்றறிக்கையில் செய்யக்கூடிய வேலை இது. அடுத்த வழிகாட்டி மதிப்புத் திருத்தத்துக்கு முன்பாகவே செய்தாக வேண்டும்.