49 வாக்கு வித்தியாசம், 203 செல்லாத உறைகள்

2016 சட்டமன்றத் தேர்தலில் நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோற்றவர் தி.மு.க.வின் அப்பாவு. அந்த வாக்கு எண்ணிக்கையின்போது 203 அஞ்சல் வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன என்பது அவருடைய வழக்கு. உறுதிமொழிப் படிவத்தில் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பம் இட்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்பதுதான் சிக்கல். 19, 20, 21-ஆம் சுற்றுகள் எண்ணப்பட்டபோது தானும் தன் முகவர்களும் வெளியேற்றப்பட்டதாகவும் அவர் முறையிட்டார்.

அஞ்சல் வாக்கு யாருடையது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரும்பகுதி, தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் காவலர்களும் போட்டது. ஊரையே வரிசையில் நிறுத்தி விரலில் மை வைத்தவர்களின் வாக்கே ஒரு கையொப்பத்தில் சிக்கிக்கொண்டது.

சென்னை உயர் நீதிமன்றம் அஞ்சல் வாக்குகளையும் அந்த மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது 2019 அக்டோபர் 1-இல். மூன்றே நாளில் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 மே மாதம் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. எண்ணியும் விடை தெரியாத நிலையிலேயே ராதாபுரம் வாக்காளர் அடுத்த தேர்தலுக்குப் போனார்.

இருவரில் யார் பக்கம் நியாயம் என்பது நம் பேச்சு அல்ல. இன்று இந்தக் கட்சிக்கு நேர்ந்தது நாளை அந்தக் கட்சிக்கு நேரும். மறு எண்ணிக்கையின் தலையெழுத்து பெரும்பாலும் முதல் எண்ணிக்கை அறையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அங்கே யார் இருந்தார், எதைக் குறித்து வைத்தார், எந்த ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தார் என்பதை வைத்துத்தான் பின்னால் நீதிமன்றமே பேச முடியும்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 63-ஆவது விதி, மொத்த வாக்குகள் அறிவிக்கப்பட்டதும் வேட்பாளரோ முகவரோ காரணம் காட்டி மறு எண்ணிக்கை கேட்கலாம் என்கிறது. எழுத்தில் கேட்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலரும் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ உரிய காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முடிவுத் தாளில் அவர் கையெழுத்திட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு வாசலில் நின்று கோஷம் போடலாம், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்கலாம்; விதிக்கு அது கணக்கில்லை.

ஆகவே முதல் பொறுப்பு கட்சிகளுடையது. வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடி முகவர் கையில் 17-சி படிவத்தின் நகல் கிடைக்கிறது. எத்தனை வாக்கு பதிவானது என்பதும் எந்த இயந்திரம் என்பதும் அதில் இருக்கும். எண்ணும் நாளில் அந்த நகலோடு உட்கார்ந்து, முத்திரையையும் இயந்திர எண்ணையும் மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் மேஜைக்கு ஒரு முகவர். ஆனால் நம் ஊரில் அந்த இடம் பல நேரம் கட்சிக்கு உழைத்தவருக்குத் தரும் மரியாதையாகிவிடுகிறது. இரண்டு சுற்று பின்தங்கினால் முகவர்கள் கிளம்பிவிடுவதும் உண்டு. காலியான நாற்காலியிலிருந்து எந்த ஆட்சேபமும் பதிவாகாது.

தேர்தல் ஆணையமும் சும்மா இருக்கவில்லை. தள்ளுபடியான அஞ்சல் வாக்குகளைவிட வெற்றி வித்தியாசம் குறைந்தால் அவற்றைக் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது இன்றைய நெறிமுறை. அஞ்சல் வாக்குகளை எண்ணி முடித்த பிறகே இயந்திர வாக்குகளின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அதே ஆண்டு மே மாதம், வழக்கு இல்லையென்றால் 45 நாளுக்குப் பிறகு தேர்தலின் கேமராப் பதிவுகளை அழித்துவிடலாம் என்றும் சொன்னது. முடிவை எதிர்த்துத் தேர்தல் மனு போடுவதற்கான கெடுவும் 45 நாள்தான். மனுப்போட ஆதாரம் வேண்டும். ஆதாரத்தைக் காப்பாற்ற மனு வேண்டும். சாமானியர் இந்த வட்டத்துக்குள் எப்படி நுழைவார்? ஓராண்டாவது வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

கேமராவின் அருமை சண்டிகரில் தெரிந்தது. 2024 ஜனவரி 30 மேயர் தேர்தலில் 36 வாக்குகளில் எட்டு செல்லாதவை என்றார் தேர்தலை நடத்திய அதிகாரி. அவரே சீட்டுகளில் கோடு போட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்து மூன்றே வாரத்தில் முடிவை மாற்றியது. அரியானாவின் புவானா லாக்கு கிராமத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒரு சாவடியில் இருவரின் வாக்குகள் இடம் மாறிப் பதிவானதாகத் தகராறு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற வளாகத்தில் வீடியோப் பதிவோடு எண்ணிப் பார்த்தபோது, தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 51 வாக்குகளில் வென்றிருந்தார். பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ‘முயல வேண்டும்’ என்ற அளவோடு அது நின்றுவிடுவதால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாய்தா வாங்குவதில் வென்றவர் தரப்புக்கு இருக்கும் ஆர்வம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த மனுவை வேட்பாளர் மட்டுமல்ல, தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? அடுத்த தேர்தலில் வாக்கு கேட்டு வருகிறவரிடம் சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: எண்ணும் மேஜைக்கு யாரை அனுப்பப் போகிறீர்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்றா, கடைசிச் சுற்று வரை இருப்பார்களா? வென்று போனால் தேர்தல் மனுக்களுக்கு ஆறு மாதக் கெடுவைக் கட்டாயமாக்கும் திருத்தத்துக்கு உங்கள் கட்சி கை தூக்குமா என்றும் கேளுங்கள்.