பணம் கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டு

சென்ற இதழில் நண்பர் ஒருவர் ப்ளூ-ரே டிஸ்க்கின் சாவுக்கு ஒப்பாரி வைத்துவிட்டு, கையோடு கொலையாளியையும் பிடித்துக் கொடுத்திருக்கிறார். டிஸ்க்கின் பூட்டை உடைத்த ஹேக்கர்கள்தான் குற்றவாளிகளாம். பூட்டு இன்னும் பலமாக இருந்திருந்தால் டிஸ்க் பிழைத்திருக்குமாம். ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்குகிறவருக்குப் பூட்டால் எந்தத் தொந்தரவும் இல்லையாம். இந்தியாவில் இதற்குச் சட்டமே கிடையாது, அமெரிக்கச் சட்டத்தை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று முத்தாய்ப்பு வேறு. இத்தனைக்கும் அவர் காட்டும் ஆதாரம், ஸ்டுடியோக்களும் பூட்டு தயாரித்த நிறுவனங்களும் விட்ட அறிக்கைகள். வேலிக்கு ஓணான் சாட்சி.

வாங்குகிறவருக்குத் தொந்தரவில்லை என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

2006-இல் ஹெச்டி டிவிடியும் ப்ளூ-ரேயும் போட்டி போட்டுக்கொண்டு கடைக்கு வந்தன. இரண்டுக்கும் பொதுப் பூட்டு ஏஏசிஎஸ். ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், பானசோனிக், சோனி, தோஷிபா, டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ் என்று எட்டு ஜாம்பவான்கள் கூடிச் செய்தது. அந்த டிசம்பரிலேயே அதில் முதல் ஓட்டை விழுந்தது. போட்டவர் ‘மஸ்லிக்ஸ்64’ என்ற புனைபெயர்க்காரர். அவருடைய பிரச்சினை எளிமையானது. காசு கொடுத்து வாங்கிய படம் அவருடைய மானிட்டரில் ஓடவில்லை. டிஸ்க் சரி, டிரைவ் சரி, மானிட்டரும் உயர்தரம்தான். ஆனால் ஹெச்டிசிபி என்ற இன்னொரு பூட்டுக்கு அந்த மானிட்டர் பதில் சொல்லத் தெரியாதது என்பதால், பிளேயர் படம் காட்ட மறுத்துவிட்டது. அந்தக் கடுப்பில்தான் வேலையில் இறங்கியதாக அவரே சொன்னார். நண்பரின் கட்டுரையில் இந்த ஆள் வில்லனாக வருகிறார். அவர் சொன்ன காரணம் மட்டும் எங்கோ வழியில் தொலைந்துவிட்டது.

பலமான பூட்டு என்கிறாரே, எதைப் பலப்படுத்துவது? டிஸ்க்கில் உள்ள படம் 128 பிட் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. வங்கிகள் நம்புகிற முறை அது. அதை யாரும் உடைக்கவில்லை, உடைக்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் சில சாவிகள் இருக்கின்றன. டிஸ்க்கில் ஒரு சாவித் தொகுதி இருக்கிறது. இரண்டையும் பொருத்தினால் ஓர் இடைச்சாவி, அதிலிருந்து இன்னொன்று என்று படிப்படியாக இறங்கிக் கடைசியில் படத்தின் சாவி கைக்கு வரும். வங்கியில் அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர், திருடன் மூன்றாமவன். இங்கே பெறுகிறவர்மீதே சந்தேகம். படம் ஓட வேண்டுமானால் சாவி அவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கணினியில் ஓடுவதென்றால் ஏதோ ஒரு நொடியில் அது நினைவகத்தில் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். பொறுமையுள்ள ஒருவர் அங்கே போய்ப் பார்த்தால் போதும்.

2007 பிப்ரவரியில் ‘அர்னெசாமி’ போய்ப் பார்த்தார். (சாமி என்று முடிவதால் நம்மூர்க்காரர் என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம், அதுவும் புனைபெயர்தான்.) அவருக்குக் கிடைத்தது அதுவரை வெளிவந்த டிஸ்க்குகளையெல்லாம் திறக்கப் போதுமான ஒரே இடைச்சாவி. வெறும் பதினாறு பைட் எண். அந்த எண்ணை வெளியிட்ட இடங்களுக்கெல்லாம் ஏஏசிஎஸ் அமைப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவ்வளவுதான். மே 1 அன்று டிக் என்ற செய்தித் தளம் அதை நீக்கப்போக, வாசகர்கள் கொதித்தெழுந்து பக்கம் முழுவதையும் அந்த எண்ணாலேயே நிரப்பினார்கள். அன்றிரவே தளத்தின் நிறுவனர் கையைத் தூக்கிவிட்டார். எண் டி-சர்ட்டில் ஏறியது, பாட்டாகவும் வந்தது.

இதற்கு ஏஏசிஎஸ் கண்ட பரிகாரத்தைத்தான் நண்பர் ‘துரித நடவடிக்கை’ என்று மெச்சுகிறார். சாவி கசிந்த விண்டிவிடி மென்பொருளின் சாவிகளை ரத்து செய்தார்கள். அந்த மென்பொருளை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு ஏப்ரலில் அறிவிப்பு வந்தது: புதிய பதிப்பை நிறுவாவிட்டால் உயர்தர டிஸ்க் ஓடாது. கள்ளப் பிரதி வைத்திருந்தவருக்கு இப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை, அவருடைய கோப்பில் பூட்டே இல்லையே. மே மாத இறுதியில் புதிய சாவியோடு டிஸ்க்குகள் கடைக்கு வருமுன்பே, அவற்றைத் திறக்கும் மென்பொருளை ஆன்டிகுவா தீவிலிருந்து ஸ்லைசாஃப்ட் வெளியிட்டுவிட்டது.

அடுத்த பூட்டு பிடி பிளஸ். பத்தாண்டு தாங்கும் என்று 2007 ஜூலையில் தொழில்துறை ஆலோசகர் ஒருவர் ஜாதகம் கணித்தார். அடுத்த மார்ச்சில் அதே ஸ்லைசாஃப்ட் அதையும் திறந்து விற்பனைக்கு வைத்தது.

இனி சாவுக் கணக்கு. பூட்டு உடைந்ததால் ஹெச்டி டிவிடி செத்தது என்று எழுதுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதே பூட்டுதானே ப்ளூ-ரேயிலும் உடைந்தது? ப்ளூ-ரே ஏன் அப்போது சாகவில்லை? 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் இனி ப்ளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பிப்ரவரியில் தோஷிபா கடையைக் கட்டியது. ஹேக்கருக்கு அதில் பங்கில்லை. டிஸ்க் வியாபாரம் மொத்தமாகச் சரிந்ததற்கும் ரகசியக் காரணம் எதுவும் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் 2007-இல் இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் அதே நிறுவனம் தபாலில் டிவிடி அனுப்புவதை நிறுத்தியது. இடையில் 2019-இல் சாம்சங் அமெரிக்காவுக்குப் புதிய ப்ளூ-ரே பிளேயர் செய்வதை விட்டது. மக்கள் எழுந்துபோய் டிஸ்க் மாற்றச் சோம்பல்பட்டார்கள்.

கள்ளப் பிரதிக்கு டிஸ்க்கே தேவையில்லை என்பதும் நண்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ 2009 மே மாதம் வெளியானது, வேலை முடியாத பிரதி மார்ச் கடைசியிலேயே இணையத்தில் கிடந்தது. தெலுங்கில் ‘அத்தாரின்டிகி தாரேதி’ 2013-இல் வெளியாகுமுன் பாதிக்கு மேல் கசிந்தது. ‘உட்தா பஞ்சாப்’ 2016-இல் கசிந்தபோது அது தணிக்கைக்குப் போன பிரதி என்று பேச்சு. இவற்றில் எந்தப் படமும் அப்போது டிஸ்க்காகவே வரவில்லை. நம் பக்கத்தில் திருட்டு விசிடி காலத்திலிருந்தே தியேட்டர் கேமராதான் முதல் வாசல். உள்ளே இருக்கிற ஆளும், தியேட்டரில் கேமரா பிடிக்கிற ஆளும் செய்கிற களவுக்கு வாடிக்கையாளர் வீட்டு டிவியில் பூட்டு மாட்டுவது என்ன வைத்தியம்?

இப்போது 4கே டிஸ்க்குக்கு வருவோம். நண்பர் இதைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2016-இல் அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே வந்தபோது பூட்டு ஏஏசிஎஸ் 2 ஆனது. கணினியில் பார்க்க வேண்டுமானால் நிபந்தனைகள் இவை: இன்டெல் பிராசசர் வேண்டும், அதில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறை இருக்க வேண்டும், மதர்போர்டு அதை ஆதரிக்க வேண்டும், திரைக்கு ஹெச்டிசிபி 2.2 வேண்டும், அனுமதி பெற்ற டிரைவும் அனுமதி பெற்ற மென்பொருளும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் படம் கிடையாது. இத்தனையையும் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். பிறகு இன்டெல் என்ன செய்தது தெரியுமா? எஸ்ஜிஎக்ஸில் அடுத்தடுத்துப் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட, 2021-இல் வந்த பதினோராம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசரிலிருந்து அந்த வசதியையே எடுத்துவிட்டது. புதுக் கணினி வாங்கியவர் அலமாரி நிறைய வைத்திருந்த 4கே டிஸ்க்குகளை அனுமதி பெற்ற மென்பொருளில் இனிப் பார்க்க முடியாது. அவருக்கு டிஸ்க் நிறுவனமோ பிராசசர் நிறுவனமோ ஒரு பைசா திருப்பித் தரவில்லை. இதற்கிடையே ஏஏசிஎஸ் 2-ஐத் திறக்கும் மென்பொருள்கள் 2017-லேயே வந்துவிட்டிருந்தன. ஆக, புதிய கணினியில் தான் வாங்கிய டிஸ்க்கை ஒருவர் பார்க்க இருக்கும் ஒரே வழி, நண்பர் சிறைக்கு அனுப்பத் துடிக்கிற அந்த மென்பொருள்தான்.

பழைய டிவிடியிலேயே இந்த மரியாதை தொடங்கிவிட்டது. டிஸ்க்கை உள்ளே தள்ளினால் முதலில் திருட்டு எச்சரிக்கை வரும். ரிமோட்டில் தாண்டும் பொத்தானை அழுத்தினால் திரை ஓரத்தில் குறுக்குக்கோடு போட்ட ஒரு சின்ன வட்டம் தோன்றும்: அனுமதியில்லை. மறுபடி அழுத்தினால் மறுபடி வட்டம். பர்மா பஜாரில் வாங்கியவருக்கு நேரே படம். திருடாதே என்ற உபதேசத்தை உட்கார்ந்து முழுசாகக் கேட்டவர் திருடாதவர் மட்டும்தான். மண்டலக் குறியீடும் அப்படியே. ப்ளூ-ரே கணக்கில் சிங்கப்பூர் ‘ஏ’, இந்தியா ‘சி’. ‘ஏ’ என்று பூட்டிய டிஸ்க்கை அங்கே முழு விலை கொடுத்து வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்தால், இங்கே வாங்கிய பிளேயர் அதைத் துப்பிவிடும்.

பூட்டில்லாவிட்டால் தொழிலே அழியும் என்ற பயமுறுத்தலுக்கு இசைத்துறை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 2007-இல் ஈஎம்ஐ பூட்டில்லாமல் பாட்டு விற்க ஒப்புக்கொண்டது; 2009-இல் ஐடியூன்ஸ் கடையே பாடல்களின் பூட்டைக் கழற்றியது. பாட்டுக் கம்பெனிகள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

கடைசியாக, நம்மிடம் சட்டமே இல்லை என்கிற கூற்று. இருக்கிறது ஐயா. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோக்காரர்மீது குண்டர் சட்டமே பாயலாம். தியேட்டரில் படம்பிடிப்பவருக்கு 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டம் குறைந்தது மூன்று மாதம் சிறை வைத்திருக்கிறது. திருடனைப் பிடிக்க இவை போதாதா? 65ஏ பிரிவைப் படித்தால் நண்பருக்கு உறுத்தக்கூடியது ‘நோக்கத்தோடு’ என்ற நிபந்தனை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் நோக்கத்தைக் கேட்பதில்லை, பூட்டைத் தொட்டாலே குற்றம். அங்கே திரைப்படக் கல்வித்துறைப் பேராசிரியர் வகுப்பில் காட்ட டிவிடியிலிருந்து ஒரு துணுக்கை எடுப்பதற்கே 2006-இல் தனி விலக்கு தர வேண்டியிருந்தது. அந்த விலக்குகளையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்க வேண்டும்.

அந்தச் சட்டம் யாரை வாயடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த நீல்ஸ் ஃபெர்குசன் என்ற மறையாக்க வல்லுநர் ஹெச்டிசிபியின் ஓட்டையைக் கண்டுபிடித்தார். நான்கு கணினியும் ஐம்பது திரையும் இருந்தால் விவரமறிந்த ஒருவர் இரண்டு வாரத்தில் அதன் தலைமைச் சாவியையே எடுத்துவிடலாம் என்றார். ஆனால் ஆய்வுக் கட்டுரையை வெளியிடவில்லை. வெளியிட்டுவிட்டு அமெரிக்காவில் கால் வைத்தால் வழக்கு வரும் என்ற பயம். தொழில்துறை அதே பூட்டை ஊரிலுள்ள டிவிகளிலெல்லாம் மாட்டிக்கொண்டே போனது. 2010 செப்டம்பரில் தலைமைச் சாவியைப் பெயர் தெரியாத யாரோ இணையத்தில் போட்டார்கள். சாவி உண்மையானதுதான் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. எச்சரிக்க வந்தவர் வாயைக் கட்டி, திருடவந்தவருக்கு ஒன்பது ஆண்டு அவகாசம் கொடுத்த இந்தச் சட்டத்தைத்தான் நண்பர் நமக்குச் சிபாரிசு செய்கிறார்.