திராட்சை ஆலைகளைக் காணச் செல்வோர் கவனிக்க வேண்டியது

கூட்டுறவாளர்கள் தம் ஊரை விட்டு வெளியே சென்று பிறர் தொழிலைக் கண்டு வருவது நம் இயக்கத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் நல்வழக்கம். படித்தறிய இயலாத சில பாடங்கள் பார்த்தறிவதால் கிட்டும். நம் சங்கத்தின் கல்விப் பயணம் இவ்வாண்டு எங்கே என்ற யோசனை எழுந்தபோது, மகாராஷ்டிரத்து நாசிக் நகருக்குச் சென்று, அங்குள்ள ஒயின் ஆலைகள் சிலவற்றை ஒரே நாளில் சுற்றிப் பார்த்து வரலாமென்று விவசாய அங்கத்தினர் சிலர் தெரிவித்தனர். நெசவாளர் அங்கத்தினர் பலர் இதனை ஆட்சேபித்தனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆகவே நமது அபிப்பிராயத்தைத் தெளிவாக வெளியிடுவது கடமையெனக் கருதுகிறோம்.

ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மதுவிலக்கு 1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிற்று, 1948இல் சென்னை மாகாணம் முழுவதிலும் பரவிற்று, 1971இல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைச் சர்க்காரின் நிறுவனமே நடத்தி வருகிறது. இந்த மாறுதல்களின் பலனை மாதவரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் உழைப்பாளர் வீட்டுப் பெண்மணிகளைவிட நன்கறிந்தவர் எவருமில்லர். சம்பள நாளன்று வீட்டுக்கு வரவேண்டிய பணம் வழியிலேயே கரைவதைக் கண்டவர்கள், ‘மது ஆலைக்கா சங்கத்தின் செலவில் பயணம்?’ என்று கேட்பதில் தவறென்ன? சங்கப் பணத்தில் ஒருவரும் ஒரு மடக்கும் அருந்தலாகாது என்பதே நமது கருத்து. ஆயினும் குடிப்பது வேறு, ஒரு விளைபொருள் எவ்வாறு விலைபொருளாகிறது என்று கற்பது வேறு. பின்னதில் நமக்குப் பெரும் பாடம் உண்டு.

நாசிக்கில் இத்தகைய ஒரு நாள் எவ்வாறு கழிகிறது? பார்வையாளர்கள் வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு காலையில் கிளம்புகின்றனர். கங்காபூர் அணையையடுத்து, இராஜீவ் சமந்த் என்பவர் 1999இல் நிறுவிய சூலா ஆலை இருக்கிறது. அருகிலேயே யார்க் ஆலை. வடக்கே திண்டோரி வட்டாரத்தில், பிரான்சு தேசத்துத் தொடர்புடைய சாந்தோன் நிறுவனம் நுரைக்கும் ஒயினுக்கென்றே அமைத்த ஆலை. ஒவ்வோர் ஆலையிலும் தோட்டம், பிழியும் இயந்திரம், எஃகுத் தொட்டிகள், பீப்பாய் அறை ஆகியவற்றைக் கண்டபின், ருசி பார்க்கும் மேசைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். முதலில் நுரைப்பது, அடுத்து நுரையில்லாத வெள்ளை, அதன்பின் சிவப்பு, இறுதியில் இனிப்பு என்பது அங்கே வரிசை. நிறம் பார்த்து, மணம் பார்த்து, பிறகே நாவில் வைக்கின்றனர். தொழில் தெரிந்தவர்கள் விழுங்காமல் உமிழ்ந்துவிடுகின்றனர். இது நம் அங்கத்தினர்க்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் அவர்கள் அங்கு வருவது மயங்குவதற்கன்று, தரம் பிரிப்பதற்கு.

இனி, அந்தக் கோப்பைக்குப் பின்னாலுள்ள கணக்கைக் காண்போம். ஒரு லிட்டர்ச் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீதச் சாராயச் சத்து உண்டாகிறது. நுரையில்லாத ஒயினுக்கு இந்த ஒரு புளிப்பே போதும். நுரைப்பதற்கோ, சர்க்கரை ஏறுமுன்பே, புளிப்புச் சுவை குறையாத பழத்தைப் பறிக்கின்றனர். புளித்த ரசத்தைப் புட்டியில் நிரப்பி, மீண்டும் சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகின்றனர். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி ரசத்திலேயே கரைகிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றைவிட இரு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அப்புட்டியில் இருக்கும். பிரான்சிலுள்ள ஷாம்பேன் பிரதேசத்துச் சட்டம், 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கலாகாதென்றும், புட்டியில் அடைத்தபின் 15 மாதமாவது வைத்திருந்தே விற்க வேண்டுமென்றும் விதிக்கிறது. அதாவது ஒரு புட்டிக்குச் செல்லும் பழம் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. மற்றவை தொட்டி, புட்டி, நிலவறை, வரி, விளம்பரம், காலம்.

இவற்றுள் காலமே முக்கியமானது. நாசிக்கில் திராட்சை ஜனவரி முதல் மார்ச்சு வரை அறுவடையாகிறது. பறித்த பழம் காத்திருக்காது. விவசாயியின் கடனும் காத்திருக்காது. ரசமோ காத்திருக்கும், காத்திருக்கக் காத்திருக்க அதன் மதிப்பு உயரும். ஆகவே எவரால் காத்திருக்க முடிகிறதோ அவருக்கே லாபத்தின் பெரும்பங்கு சேர்கிறது. பழத்தைத் தந்தவர் பெரும்பாலும் அவரல்லர்.

மகாராஷ்டிர சர்க்கார் 2001இல் திராட்சைப் பதனத் தொழிலுக்கென ஒரு கொள்கையை அறிவித்தபின் ஆலைகள் பெருகின. விவசாயிகள் பலர் உண்ணும் பழக் கொடிகளை விட்டு ஒயின் பழக் கொடிகளை நட்டனர். 2008இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விற்பனை சரிந்தது. ஆலைகள் சில கொள்முதலைக் குறைத்தன, சில நொடித்தன. ஒயின் பழத்தைச் சந்தையில் உண்பதற்கு வாங்குவோர் இல்லை. அருமையாய் வளர்த்த கொடிகளைத் தோட்டக்காரர்கள் தம் கையாலேயே வெட்டி எறிய நேர்ந்தது. தாங்கிக்கொண்ட ஆலைகளோ வளர்ந்தன. யார்க் ஆலையும் 2021இல் சூலாவின் கைக்கு வந்தது. வாங்குவோர் குறையக் குறைய விற்போரின் பேரம் தளரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு மாற்று வழி இருக்கிறதா? இருக்கிறது, அது நம் வழிதான். ஜெர்மனியில் ஆர் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள மைஷோஸ் என்னும் சிற்றூரில் 1868இலேயே திராட்சை விவசாயிகள் கூடிக் கூட்டுறவு ஆலை தொடங்கினர். ரைபீசன் தம் கடன் சங்கங்களை அமைத்த வட்டாரமும் அதற்குத் தொலைவானதன்று. அந்த ரைபீசன் முறையைப் பயின்றுவரச் சென்னை சர்க்கார் பிரடெரிக் நிக்கல்சன் அவர்களை நியமித்ததும், அவரது அறிக்கையின்பின் 1904இல் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டே திருவள்ளூரையடுத்த திரூரில் சங்கம் தோன்றியதும் நாம் அறிந்தவை. பிரான்சின் தென்பகுதியில் மரோசான் என்ற ஊரார் 1901இல் சங்கம் கண்டு, 1905இல் பொது ஆலை எழுப்பி, பாரிஸ் நகரத்து நுகர்வோர் சங்கங்களுக்கே தம் ரசத்தை விற்றனர். இடையில் தரகர் இல்லை. இன்று பிரான்சில் உண்டாகும் ஒயினில் ஏறத்தாழப் பாதி கூட்டுறவு ஆலைகளிலிருந்து வருகிறது.

ஆனால் கூட்டுறவுக்கும் ஒரு நோய் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. நல்ல பழத்தை வெளி வியாபாரிக்கு விற்றுவிட்டு, மிஞ்சியதைச் சங்கத்தில் கொட்டுவதே அந்நோய். எல்லாப் பழத்துக்கும் ஒரே விலை என்றால் நல்ல பழம் வராது. நல்ல பழம் வராவிடில் நல்ல ரசம் இராது. பிறகு சங்கத்தின் பெயருக்கே மதிப்பு இராது. ஆகையால்தான் தேர்ந்த சங்கங்கள் ஆலை வாயிலிலேயே சாற்றின் சர்க்கரை அளவைக் கருவியால் கண்டு, அழுகலை ஒதுக்கி, தரத்துக்கேற்ற விலையைச் சீட்டில் எழுதித் தருகின்றன.

இம்முறை நமக்குப் புதிதன்று. மாதவரம் பால் பண்ணைக்கு வந்து சேரும் பால், கிராமச் சங்கத்தில் ஊற்றும்போதே கொழுப்புச் சத்தும் இதர சத்தும் கணிக்கப்பட்டு விலை தீர்மானிக்கப்பட்ட பால். தண்ணீர் கலந்தவருக்கும் கலவாதவருக்கும் ஒரே விலை என்றிருந்தால் பால் சங்கங்கள் என்றோ கலைந்திருக்கும். நெசவாளரும் எண்ணிப் பார்க்கட்டும். நெருக்கமாக நெய்த சேலையைக் கடைக்காரருக்கும், இழை குறைந்ததைச் சங்கத்துக்கும் கொடுப்பவர், ‘சங்கத்துச் சரக்கு விலைபோகவில்லை’ என்று பொதுக்குழுவில் குறை கூறுவது முறையாகுமா?

எனவே பயணம் அவசியம் என்பதே நமது முடிவு. ஆயினும் முதற் பயணம் நாசிக்குக்கு வேண்டாம், நம் தேனி ஜில்லாவிலுள்ள கம்பம் பள்ளத்தாக்குக்கே ஆகட்டும். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கும் அரிய மண் அது. ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பறித்த பழம் உடனே விலைபோயாக வேண்டுமென்ற இக்கட்டு அங்குள்ள விவசாயிக்கும் இருக்கிறது. பழச்சாறாகவும் பாகாகவும் அதனைச் சங்கமே ஆக்கி விற்கலாமா என்று அவர்களோடு கலந்து பேசலாம். அங்கே ருசி பார்ப்பதை எந்த இல்லத்தரசியும் ஆட்சேபிக்கமாட்டார்.

பிறகு நாசிக் செல்வோர் செல்லட்டும். சென்றால், பளபளக்கும் மேசையருகே அதிக நேரம் நிற்க வேண்டாம். எடை போடும் இடம் எங்கே என்று கேளுங்கள். தரத்தைக் கணிப்பவர் யார், கணிக்கும்போது விவசாயி உடனிருக்கிறாரா என்று பாருங்கள். குறைந்தபட்ச விலையை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களா, விற்பனை சரிந்த ஆண்டில் நட்டம் யார் தலையில் விழும் என்று விசாரியுங்கள். இந்தக் கேள்விகளுக்கான விடையைக் குறித்துக்கொண்டு வந்து பொதுக்குழுவில் வாசிப்போருக்கே சங்கம் பயணச் செலவு தர வேண்டுமென்று நிர்வாகக் கமிட்டிக்குப் பரிந்துரைக்கிறோம். அங்கத்தினர்கள் ஆலோசித்து, அடுத்த கூட்டத்தில் தத்தம் கருத்தைத் தெரிவிப்பார்களாக.