எண்ணெய்க் கசிவும் இலாகாக்களின் பொறுப்பும்

காஞ்சீபுரத்தின் பெயரைத் தாங்கிய கப்பலொன்று 2017-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே விபத்துக்குள்ளானதைப் பலர் மறந்திருக்கக்கூடும். எண்ணெய் ஏற்றிவந்த 'டான் காஞ்சீபுரம்' என்னும் அக்கப்பலும், எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்னும் கப்பலும் மோதிக்கொண்டன. கசிவு யாதும் இல்லையென்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பின்பு சிறிதளவு என்றார்கள். முடிவில் சுமார் 196 டன் என்று கணக்காயிற்று. எர்ணாவூர்க் கரையில் கருஞ்சேறாய் ஒதுங்கிய எண்ணெயை யந்திரங்கள் உறிஞ்சமாட்டாமற் போகவே, ஆட்கள் நின்று வாளிகளால் அள்ள நேர்ந்தது.

ஏற்பாடு இல்லாத குறையன்று இது. இந்தியக் கடலோரக் காவல் படையைத் தலைமையாகக் கொண்ட தேசியத் திட்டமொன்று 1996 முதல் அமுலில் இருந்துவருகிறது. அதன்படி 700 டன் வரையிலான கசிவைத் துறைமுகத்தாரும் எண்ணெய்க் கம்பெனியாருமே முதலில் சமாளிக்கவேண்டும். அதற்கு மேற்பட்டால் காவல் படையின் பெருஞ் சாதனங்கள் வரும். 10,000 டன்னைத் தாண்டினால் தேசம் முழுவதின் உதவியும், வேண்டினால் அந்நிய தேசத்து உதவியும் கோரப்படும். கரையைச் சுத்தஞ்செய்வது ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு. இவ்விதம் அளவைக்கொண்டு பொறுப்பை வகுத்திருக்கையில், அளவையே குறைத்துச் சொன்னால் உதவியும் குறைந்தே வரும் என்பதை விளக்கவேண்டியதில்லை. முதல் தகவல் பிழையானால் அதற்குப் பின்வரும் சீரான வேலைகளெல்லாம் தாமதமாகவே வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவிற்று. கடலுமன்று, நிலமுமன்று, முகத்துவாரம் எந்த இலாகாவின் எல்லை? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு இலாகாக்களை ஒன்றுகூட்ட வேண்டியிருந்தது. அதற்கிடையில் செம்படவர்கள் தங்கள் படகுகளிலிருந்தபடியே எண்ணெயைக் கையால் மொண்டு பீப்பாய்களில் நிரப்பினார்கள்.

இவையெல்லாம் கடற்கரைச் சங்கதிகள், திருப்புட்குழி நஞ்சைக்கு என்ன சம்பந்தம் என்று மிராசுதாரர் கேட்கலாம். சென்னையிலிருந்து வேலூர், பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை பாலுசெட்டி சத்திரத்தின் வழியாக, அவ்வூருக்கு வெகு சமீபத்தில் போகிறது. எண்ணெயும் திராவகமும் ஏற்றிய டாங்கி லாரிகள் இரவும் பகலும் அதில் ஓடுகின்றன. ஒன்று கவிழ்ந்தால் சாலையோரத்துக் கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி, ஏரியிலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என்று இறங்க அதிக நேரம் பிடிக்காது. வறுத்த பயறையும் முளைக்கவைப்பாள் என்று புகழ்பெற்ற மரகதவல்லித் தாயாரின் ஊர் அது. ஆயினும் எண்ணெய் ஊறிய மண்ணில் வறுக்காத விதை முளைப்பதே துர்லபம். மண்துகளை எண்ணெய் மூடிக்கொள்வதால் நீர் இறங்காது, வேருக்குக் காற்று எட்டாது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்வதால், தப்பிய பயிரும் மஞ்சளித்துப்போகும்.

உள்நாட்டு இரசாயன விபத்துக்களுக்கு 1996-ம் வருஷத்திய விதிகளின்படி ஜில்லாவுக்கு ஒரு நெருக்கடிக் குழு உண்டு. கலெக்டர் அதன் தலைவர். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் காரியதரிசி. போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றோடு ஜில்லா விவசாய அதிகாரிக்கும் அதில் ஸ்தானம் உண்டு. 45 நாளைக்கொரு முறை அது கூடவேண்டும் என்பது விதி. ஆயினும் கிராமத்தில் கேட்டால் இப்படியொரு குழு இருப்பதே யாருக்கும் தெரியாது. லாரியை நிமிர்த்திப் போக்குவரத்தைத் திறந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவதே இயல்பாயிருக்கிறது. சாலைக்கு அது முடிவுதான். வயலுக்கோ அப்போதுதான் ஆரம்பம். ஆகையால் விவசாய அதிகாரியை மறுநாள் கடிதத்தின் மூலம் அல்ல, முதல் மணியிலேயே அழைப்பது அவசியம். மண்ணைக் கழுவுவதற்கு முன்பே அவர் மாதிரி எடுத்தாகவேண்டும். கழுவிய பின் எடுக்கும் மாதிரியால் எவருக்கும் பிரயோஜனமில்லை.

கிராம நிர்வாக அதிகாரியின் பங்கு சிறிதன்று. டாங்கியின் இரு பக்கத்திலும் பின்புறத்திலும் சரக்கின் பெயரும், அதன் எண்ணும், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய டெலிபோன் நம்பரும் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. காற்று வீசும் திக்கில் நின்று, எட்ட இருந்தே அதைப் படித்து, 1077-க்குச் சொன்னால் பாதி வேலை தீர்ந்தது. அதாவது, காற்று முதுகில் படும்படி நிற்கவேண்டும். முகத்தில் படும்படி நிற்பது ஆபத்து. பீடி, சுருட்டு கூடாது. சரக்கு இன்னதென்று தெரியாதவரை எவரையும் கிட்ட விடலாகாது.

அடுத்தபடி மடையை அடைப்பது. தன் வயல் எண்ணெயை அண்டை வயலுக்கு வெட்டிவிடும் பழக்கம் பகைக்கும் நஷ்டத்துக்கும் வித்தாகும். மிதக்கும் எண்ணெயாயின், நெருப்பு அபாயமில்லை என்று தீயணைப்புப் படையார் சொன்ன பிறகு, கால்வாயின் குறுக்கே மண் அணை போட்டு, அதன் அடிமட்டத்தில் குழாய் ஒன்றைப் பதித்தால் நீர் கீழே செல்லும், எண்ணெய் மேலே தங்கும். தங்கியதை வைக்கோற் புரிகளால் ஒற்றி எடுக்கலாம்; அவ்வைக்கோலை மாட்டுக்குப் போடலாகாது, எருக்குழியிலும் இடலாகாது. நீரில் கரையும் திராவகத்துக்கு இந்த அணை உதவாது. மடையை முற்றும் அடைப்பதே வழி.

நஷ்டஈட்டு விஷயத்தில்தான் மிராசுதாரர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். 1991-ம் வருஷத்திய பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி, அபாயகரமான சரக்கைக் கையாளும்போது நேர்ந்த விபத்தால் சொத்து நஷ்டமடைந்தவர், எவர்மேல் தவறு என்று ருசுப்படுத்தாமலே கலெக்டரிடம் மனுச் செய்யலாம்; லாரியில் ஏற்றிச் செல்வதும் கையாளுவதே. கெடு ஐந்து வருஷம். ஆனால் எந்த சர்வே நம்பரில், என்ன பயிர், எவ்வளவு விஸ்தீரணம் கெட்டது என்பது அன்றைய தினமே அடங்கலில் ஏறாவிட்டால் மனுவுக்கு ஆதாரம் ஏது? அந்த ஒரு வரியை எழுதவேண்டியவர் கிராம அதிகாரி. எழுதிற்றா என்று பார்க்கவேண்டியவர் நிலச் சொந்தக்காரர்.