தொண்டூழியர் சட்டையைக் கழட்டிட்டு அப்புறம் பிடிங்க

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படுறவங்க முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போற வழியில, எங்க தண்ணீர்ப் பந்தல்ல நடந்தது இது. பால்குடம் எடுத்து வந்த ஒரு அம்மா திடீர்னு காலைத் தூக்கிட்டு துடிச்சாங்க. கல்லு குத்திடுச்சுன்னு நெனச்சேன். குனிஞ்சு பார்த்தா அணையாத சிகரெட் துண்டு. விரதம் இருந்து வெறுங்காலோட வந்தவங்க. தலையில குடம், இறக்கி வைக்கவும் முடியாது. யார் போட்டதுன்னு தேடவே வேணாம். பந்தல் ஓரமா மூணு பேர் நின்னு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. மூணு பேர் முதுகுலயும் "தொண்டூழியர்"னு எழுதியிருக்கு!

கேட்டதுக்கு ஒரு தம்பி சொல்றாரு, "அண்ணே, இது ரோடு, கோயில் இல்ல."

தம்பி, 2019 ஜனவரி 1-லிருந்து நம்ம நாட்டுல எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் புகைக்கக் கூடாது. வெளியில மேசை போட்டிருந்தாலும் அதே சட்டம்தான். மூணு மீட்டர் தள்ளிப் போகணும். அப்போ மாமாக் கடையில காசு கொடுத்து தே தாரேக் குடிக்கிறவருக்கு நல்ல காத்து கிடைக்கணும். முருகன் பேரைச் சொல்லி நாம மோர் கொடுக்கிற இடத்துல வந்து நிக்கிற பிள்ளைக்குப் புகையா?

"அது என் உரிமை"ன்னு இன்னொருத்தர் வாட்ஸ்அப் குழுவுல எழுதுறாரு. இதே உரிமையைப் பேசி அந்த 2019-லேயே ஏழு பேர் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. வழக்கு தள்ளுபடி ஆச்சு. உங்க நுரையீரல் உங்க உரிமை, சரி. பக்கத்துல நிக்கிறவங்க நுரையீரல் யாரோட உரிமை? அடுத்தவங்க விடுற புகையால மட்டும் உலகத்துல வருசத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காவடி எடுக்கிறவர் 500-க்கும் மேற்பட்ட படி ஏறணும். அவர் மூச்சு வாங்குற இடத்துலதான் நீங்க ஊதணுமா?

மூணாவது ஆள் பெரிய அறிவாளி. "முனீஸ்வரருக்கே சுருட்டு வைக்கிறோமே"ன்னு கேக்குறாரு. ஐயா, அது படையல். நீங்க பிடிக்கிறது பழக்கம். முனீஸ்வரருக்கு சாராயமும்தான் வைக்கிறோம். அதையும் பந்தலுக்குத் தூக்கிட்டு வருவீங்களா? உங்க பழக்கத்துக்கு சாமியை சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

"விட முடியலண்ணே"ன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நானும் 20 வருசம் இழுத்தவன்தான். அந்தக் கஷ்டம் தெரியும். ஆனா நான் பாயான் லெப்பாஸ்ல கம்பனியில சூப்பர்வைசர். என் லைன்ல வேலை செய்றவங்க புகைக்காம மணிக்கணக்கா நிக்கிறாங்க. பிரேக் வந்தா ஒதுக்கி வச்ச இடத்துக்கு நடந்து போய் பிடிச்சிட்டு, கை கழுவிட்டு வர்றாங்க. உள்ள பத்த வச்சா வேலை போயிடும்னு தெரியும். முதலாளிக்குப் பயந்து முடியுது, முருகனுக்காக முடியாதா?

2024 அக்டோபர் 1-லிருந்து புதுச் சட்டமும் வந்தாச்சு. வேப்பும் அதுல அடக்கம், "இது சிகரெட் இல்ல"ன்னு தப்பிக்க முடியாது. ஆனா நம்ம பந்தலுக்கு சுகாதார அதிகாரி வந்து சம்மன் எழுதினாத்தான் திருந்துவோம்னா, அதை விட வெட்கம் வேற இல்ல. நம்ம ஊரு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தனை வருசமா இதைக் கத்திக்கிட்டு இருக்கு!

பந்தல் பொறுப்பாளர்களுக்கு நான் கேக்குறது மூணுதான். தொண்டூழியர் சட்டை போட்டிருக்கிற வரைக்கும் சிகரெட்டும் வேப்பும் கிடையாது. பிடிச்சே ஆகணும்னா சட்டையைக் கழட்டி வச்சிட்டு, பக்தர்கள் நடக்கிற பாதையை விட்டுத் தள்ளிப் போங்க. துண்டை அணைச்சு குப்பைத் தொட்டியில போடுங்க, ரோட்டுல வேணாம். விடணும்னு நெனைக்கிறவங்க அரசாங்க கிளினிக்குக்குப் போங்க, உதவி செய்றாங்க. தனியா போகத் தயங்கினா என்கிட்ட சொல்லுங்க, நானே கூட வரேன்.

அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை திட்டல. காலுல தண்ணி ஊத்திக்கிட்டு, "பரவாயில்லப்பா"ன்னு சொல்லிட்டு நொண்டிக்கிட்டே மலைக்கு நடந்தாங்க. திட்டியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

வேல் வேல்!